இன்ஸ்பெக்டர் நக்கிய விமானம்

யாருக்கு எந்த அளவில் கண்ணாடி போட வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் கண்ணாடிக்கடைக்காரர். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தபோது, மரநிழலில் படுத்திருந்த மாட்டுக்கூட்டம் அவர் கண்ணில் படவே இல்லை.

ஞாயிறு தவறாமல் கிளைடர் ஓட்டுகிறவர் அவர். கிளைடர் என்பது என்ஜின் இல்லாத விமானம். கயிறு கட்டி இழுத்து மேலே விட்டுவிட்டால், வெயிலில் சூடாகி எழும்பும் காற்றைப் பிடித்துக்கொண்டு பருந்து மாதிரி வட்டமடிக்கலாம். காற்று இருக்கிற வரைக்கும் ராஜா. இல்லையென்றால் யாராவது ஒரு புண்ணியவான் நிலத்தில் போய் இறங்க வேண்டியதுதான். அன்று சூரியனை மேகம் மூடியது, காற்று படுத்துக்கொண்டது, கிளைடர் கிளப் மைதானமோ இரண்டு குன்றுகளுக்கு அப்பால். கீழே பச்சைப்பசேலென்று ஒரு மேய்ச்சல் நிலம். பயிர் இல்லை, மின்கம்பம் இல்லை. பூப்போல இறக்கினார். மூடியைத் திறந்து, தன்னையே ஒருமுறை மெச்சிக்கொண்டு வெளியே கால் வைத்தார்.

மரநிழல் எழுந்து நின்றது. ஒவ்வொன்றாக மாடுகள் அவரை நோக்கி நடந்து வந்தன.

முன்னால் வந்தது ஒரு செவலைப் பசு. வந்தவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு இறக்கையை முகர்ந்து, நாக்கை நீட்டி, நுனியிலிருந்து நடு வரைக்கும் ஒரே இழுப்பாக நக்கியது. மாட்டு நாக்கு உப்புத்தாளுக்குச் சமானம். கண்ணாடியில் கீறல் விழாமல் எப்படித் துடைப்பது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் அவர். அந்தச் சத்தம் அவர் பல்லைக் கூசச் செய்தது.

"ஏய்! போ! ச்சூ!"

பசு ஒரு அடிகூட நகரவில்லை. இன்னொரு மாடு வால்பக்கம் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டது. விமானம் ஆடியது.

கிளப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: இறங்கினதும் முதல் வேலையாக நிலத்துக்காரரைத் தேடிப்போய் வணக்கம் சொல்லணும், மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் வணக்கம் சொல்லப் போனால் திரும்பி வருவதற்குள் விமானத்தில் பாதியாவது மிஞ்சுமா? போகாமல் நின்றாலோ திருட்டுத்தனமாக வந்தவன் என்று ஆகிவிடும். தொப்பியால் மாடுகளை விசிறிக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இவர் இறங்குகிற இடத்துக்கெல்லாம் நீளமான டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு வந்து, இவரையும் விமானத்தையும் பொறுக்கிக்கொண்டு போவது அந்த அம்மாளின் ஞாயிற்றுக்கிழமை.

"எங்கே விழுந்தீங்க?"

"விழலை. இறங்கினேன்."

"சரி, எங்கே இறங்கி விழுந்தீங்க?"

"தெரியலையே. மாடு நிறைய இருக்கு."

"மாடு இல்லாத இடம் எதுன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு மிச்ச இடத்துல தேடுறேன்."

இருக்கும் இடத்தைப் போனிலேயே அனுப்பிவைத்தார்.

"இன்னிக்கு மத்தியானம் தம்பி வீட்டுல சாப்பாடுன்னு ஞாபகம் இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அப்போதுதான் நிலத்தின் மேல்கோடியிலிருந்து ஒரு ஆள் கையில் குச்சியோடு விறுவிறுவென்று வந்தார். பண்ணைக்காரர். கீழ்க்கோடியிலிருந்து ஒரு அம்மாள் இடுப்பில் வாளியோடு வந்தார். பண்ணைக்காரம்மா. இரண்டு பேரும் விமானத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள்.

"யாரைக் கேட்டுய்யா இங்கே இறங்கினே?" என்றார் பண்ணைக்காரர்.

"மன்னிக்கணுங்க. காத்து கையை விரிச்சிடுச்சு. வேற வழி தெரியலை."

"போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் வந்து இறங்கினான். கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். மாடெல்லாம் ரோட்டுல நின்னுச்சு!"

அந்தப் பக்கத்திலிருந்து பண்ணைக்காரம்மா கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்குக் கேட்டைத் திறந்து போட்டது பறந்து வந்தவர் இல்லை, அவரேதான்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்த ஆளுங்க?"

"அதோ, குச்சி வச்சுக்கிட்டு நிக்கிறாரே."

"அவர் உங்க..."

"வீட்டுக்காரர்தான். அதுக்கென்ன?"

பண்ணைக்காரர் குச்சியால் தரையைத் தட்டினார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு அவகிட்ட சொல்லு."

"அவருக்குக் காது கேக்குதாம்."

"காதுல விழுறது தெரியும். மண்டையில ஏறுதான்னு கேளுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கடையில் நாலு பேரிடம் நல்லவிதமாகப் பேசிப் பழகியவர். பண்ணைக்காரர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் யோசிச்சுப் பாக்கச் சொல்றாங்க" என்றார்.

"அவளா அப்படிச் சொன்னா? இத்தனை வருஷத்துல ஒருநாள் அப்படிப் பேசினதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுய்யா!"

மெல்ல விஷயம் வெளியே வந்தது. பண்ணைக்காரம்மா பால் கறக்கும்போது பாடுவாராம். போன மழைக்காலத்தில் பண்ணைக்காரர் வாய்தவறி, "நீ பாடுறதை நிறுத்தினாலே பால் கூடும்" என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் பாட்டை நிறுத்தினார், கூடவே பேச்சையும் நிறுத்திவிட்டார். பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் யார் ஜெயித்தார்கள் என்பது இன்னும் தீரவில்லை.

"அப்போ வீட்டுல ஏதாவது சொல்லணும்னா என்ன செய்வீங்க?" என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவோம்" என்றார் பண்ணைக்காரம்மா.

"போலீஸ்கிட்டயா?"

"இதோ, உங்க ரெக்கையை நக்கிக்கிட்டு நிக்குதே, இதுதான். புதுசா எது வந்தாலும் நக்கிப் பாத்துத்தான் உள்ளே விடும். இதுகிட்ட 'சாப்பாடு ஆறுது'ன்னு சொன்னா அந்த ஆள் காதுல விழும்."

இன்ஸ்பெக்டர் தன் பெயரைக் கேட்டுத் தலையைத் தூக்கியது. பிறகு விட்ட இடத்திலிருந்து சோதனையைத் தொடர்ந்தது.

இந்த நேரத்தில் டீச்சரின் கார் வந்து வேலியோரம் நின்றது. பண்ணைக்காரர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். கார் டிரெய்லரோடு ஆடி அசைந்து உள்ளே வந்தது. டீச்சர் இறங்கினார். கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பண்ணைக்காரம்மாவிடம் போய், "அக்கா, மன்னிச்சுக்குங்க, உங்களுக்கு ரொம்பத் தொல்லை" என்றார். "ஒரே ஒரு கேள்வி. தம்பி வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்னு காலையில சொன்னாரா இல்லையான்னு அவரைக் கேளுங்க."

பண்ணைக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, சொன்னீங்களா?"

"சொன்னேங்க. ஆனா காத்து..."

"காத்து மேல பழி போடுறார்ம்மா."

"போடுவார். கல்யாணமான நாள்லேர்ந்து காத்துதான் எங்களுக்குப் பொது எதிரி."

இரண்டு பெண்களும் பால்வாளியைச் சுற்றி நின்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண்களும் விமானத்தின் மூக்கருகே ஒதுங்கினார்கள். பண்ணைக்காரர் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுலயும் இப்படித்தானா?" என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டதைக் கண்ணாடிக்கடைக்காரர் கவனித்தார்.

"இன்னிக்குத்தான் ஆரம்பம்னு நினைக்கிறேன்."

நாலு பேரும் பேச்சில் இருந்ததால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் முதுகிலிருந்து கழற்றிய பாராசூட்டைப் புல்லின் மேல் வைத்திருந்தார். காலையிலிருந்து வேர்வையில் ஊறிய வார்கள், உப்புக் கரித்தன. இன்ஸ்பெக்டர் இறக்கையை விட்டுவிட்டு அதற்கு வந்தது. வாரை நக்கியது, பையை நக்கியது. பக்கத்தில் சிவப்பாக ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதை வாயில் கவ்வித் தலையை ஒரு வெட்டு வெட்டியது.

படாரென்று பை வெடித்தது. உள்ளிருந்து வெள்ளைத்துணி பீறிட்டு எழுந்தது. அதுவரை செத்துக் கிடந்த காற்று அந்த நேரம் பார்த்து உயிர்பெற்று வீசியது. ஒரு வீட்டுக்கூரை அளவுக்குத் துணி உப்பி, புல்லின் மேல் புரண்டு மாட்டுக்கூட்டத்தை நோக்கி ஓடியது. மாடுகள் இப்படியொரு மிருகத்தைப் பார்த்ததில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு மொத்தமாகத் திரும்பின. டிரெய்லருக்காகத் திறந்த கேட் திறந்தபடியே கிடந்தது. அதை நோக்கிப் பாய்ந்தன.

"ஏய், கேட்டு! கேட்டை மூடுடி!" என்று கத்தினார் பண்ணைக்காரர்.

"திறந்தவர் நீங்கதானே! ஓடுறேன், ஓடுறேன்! நீங்க அந்தப் பக்கம் மறிங்க!"

"இன்ஸ்பெக்டரைப் பிடி, அது நின்னா எல்லாம் நிக்கும்!"

"அதோட கழுத்துல துணி சுத்தியிருக்குங்க! பதறாதீங்க, கிட்ட வராதீங்க, நான் பாத்துக்கறேன்!"

கண்ணாடிக்கடைக்காரர் பாராசூட்டின் மேல் குப்புற விழுந்தார். துணி அவரையும் சேர்த்துக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. டீச்சர் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து, அவர் காலைப் பிடித்து இழுத்தார்.

"இப்பவாவது விழுந்தீங்கன்னு ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன், விட்டுடாதே!"

பண்ணைக்காரம்மா கேட்டை மூடிவிட்டு, மூச்சிரைக்க, இன்ஸ்பெக்டரின் கழுத்திலிருந்து நாடாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மாடுகள் வேலியோரம் நின்று நடுங்கின. பண்ணைக்காரர் பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பண்ணைக்காரம்மா கேட்டார்: "இப்ப என்னை 'மூடுடி'ன்னு கூப்பிட்டது யாரு?"

பண்ணைக்காரர் பசுவைப் பார்த்தார். பசு கைவிட்டுவிட்டது, புல்லைப் பார்த்தது.

"நான்தான்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாடெல்லாம் மிரண்டு போயிருக்கு. இப்படியே கறந்தா ஒரு சொட்டு இறங்காது. நீ ஏதாவது... பாடினா பாடேன்."

"மாட்டுக்காகவா?"

"மாட்டுக்காகத்தான். எனக்கும் ஒண்ணும் ஆட்சேபணை இல்லை."

அந்த அம்மாள் பாடினார். குரல் கொஞ்சம் கரகரப்பு, சுருதி அவ்வளவாக இல்லை என்பதுதான் உண்மை. கண்ணாடிக்கடைக்காரரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்க்காமல் விமானத்தின் இறக்கைகளைக் கழற்றினார்கள். பார்த்தால் சிரித்துவிடுவோம் என்ற பயம். ஆனால் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பால் கறந்து முடிந்ததும் நாலு பேருமாக இறக்கைகளைச் சுமந்து டிரெய்லரில் ஏற்றினார்கள். தம்பி வீட்டுச் சாப்பாடு போனது போனதுதான். பண்ணை வீட்டுச் சமையலறையில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். இறக்கையில் நாக்கு போட்ட கோடுகளைத் தேய்த்துப் போக்க கண்ணாடிக்கடைக்காரருக்கு வாரம் பூராவும் பிடித்தது.

அதற்குப் பிறகு டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் மைதானத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டார். "எப்படியும் அந்தப் பக்கம்தான் இறங்கப் போறீங்க. நான் அக்கா வீட்டுலயே இருக்கேன்" என்று காலையிலேயே டிரெய்லரோடு பண்ணைக்குப் போய்விடுவார். பண்ணைக்காரம்மாவும் 'இந்த வாரம் வானம் எப்படி?' என்று போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார். வானம் நன்றாக இருக்கும் என்றால் குரலில் சுரத்தே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் எங்கோ தள்ளி, ஆடுகள் மேயும் ஒரு மேட்டில் இறங்கினார். நிலத்துக்காரர் தங்கமான மனிதர், ஆடுகளும் நக்கவில்லை. போன் செய்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் கார் வந்தது. ஓட்டி வந்தவர் பண்ணைக்காரர்.

"டீச்சர் எங்கேங்க?"

"பேசிக்கிட்டிருக்காங்க. 'நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுங்க'ன்னு ரெண்டு பேரும் என்னைத் துரத்திவிட்டாங்க."

"அப்படி என்ன பேச்சு?"

"நம்ம ரெண்டு பேரைப் பத்தித்தான். இப்பத்தான் உங்களை முடிச்சாங்க. அடுத்தது நான்."

கண்ணாடிக்கடைக்காரர் இறக்கையைக் கழற்றக் குனிந்தார். பண்ணைக்காரர் அவர் தோளைத் தொட்டார்.

"என்ன அவசரம்? உக்காருங்க. மெதுவாப் போகலாம்."