இடது கன்னத்துக்கு ஒரு நீல பாட்டில்

என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடமாகச் சவரம் செய்துகொள்கிறார். அத்தனை வருடமும் அவருக்குப் படிகாரக் கல்லே போதும். ஈரக் கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்து முகத்தைக் கழுவினால் வேலை முடிந்தது. அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நாள் திடீரென்று கடைக்குப் போய் ஆஃப்டர்ஷேவ் ஒன்று வாங்கி வந்து குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அடர் நீலக் கண்ணாடி பாட்டில். மூடியைத் திறந்தால் கூடம் வரைக்கும் மணக்கும். அவர் வேலை பார்ப்பது பேக்கரியில். ரொட்டி மாவில் வாசனை ஏறிவிடும் என்று குளிக்கிற சோப்பைக்கூட வாசனையில்லாததாகப் பார்த்து வாங்குகிறவர். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றார். இவர் சும்மா என்று சொன்ன எதுவும் இதுவரை சும்மா இருந்ததில்லை. ஆனாலும் உடம்பு சரியில்லாத மனிதரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய விஷயம், தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உடம்பு சரியில்லை என்றேனே, அது நான்கு மாதத்துக்கு முந்தைய கதை. இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்த அன்று நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதோம். ஆனால் அந்த இடத்து நரம்பு அடிபட்டதில் இடது காது மடலும் கன்னமும் தாடையும் மரத்துப் போய்விட்டன. உணர்ச்சி ஆறு மாதத்தில் திரும்பலாம், ஒரு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேறு வேலையில் இருக்கிறவராக இருந்தால் கன்னம் மரத்ததற்காக யாரும் கவலைப்படப் போவதில்லை. இவர் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். அறை மாதிரி பெரிய அடுப்பு. சூட்டைக் காட்டும் முள் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒரு மூலையின் சூட்டைத்தான் காட்டும். கதவு வலது பக்கமாகத் திறப்பதால் இவருடைய இடது கன்னம்தான் அடுப்பின் வாய்க்கு நேராக வரும். ஒரு முழம் தள்ளி நின்று கன்னத்தைக் காட்டுவார். மூன்று மூச்சு. பிறகு, போடு என்பார், அல்லது இன்னும் ஐந்து நிமிடம் என்பார். இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊரில் காலையில் ரொட்டி தின்ற அத்தனை பேரும் என் வீட்டுக்காரரின் கன்னத்தை நம்பித்தான் தின்றார்கள்.

தையல் ஆறியதும் வேலைக்குப் போனார். முதல் நாளே சூடான தட்டின் விளிம்பு தாடையில் பட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவர் கத்திய பிறகுதான் இவருக்கே தெரிந்திருக்கிறது. முதலாளி நல்ல மனிதர். வீட்டில் இருங்கள், கட்டி எடுத்து நான்காவது மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள், அடுப்பா, பேக்கிங்கா என்று சொல்லி அனுப்பினார். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். பேக்கிங் என்றால் வெந்த ரொட்டியைப் பையில் போட்டு வாயைக் கட்டுவது. கல்யாண வீட்டில் சமையல் பொறுப்பில் இருந்தவரை வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரிதான் அது இவருக்கு.

இந்த லட்சணத்தில்தான் ஆஃப்டர்ஷேவ் வந்தது. என் தம்பி சலூன் வைத்திருக்கிறான். அவனிடம் போய், இதைப் போடுவதால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டேன்.

"தோலுக்கு ஒண்ணும் கிடையாதுக்கா. சுத்தமான பிளேடு, குளிர்ந்த தண்ணி, அது போதும். இது ஸ்பிரிட்டும் வாசனையும்தான். சுள்ளுன்னு எரியும். அந்த எரிச்சல் இருந்தாத்தான் ஷேவ் பண்ணின மாதிரி இருக்குன்னு சில பேர் கேட்டு வாங்கிப் போட்டுக்குவாங்க" என்றான். மாமாவுக்கு இப்போதுதான் வாலிபம் திரும்புகிறது போலிருக்கிறது என்று ஒரு கிண்டல் வேறு.

இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து வந்தவர் முகத்தில் ஆயிரம் விளக்கு. நான் காபி கலந்துகொண்டிருந்தேன். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு என்னை உட்கார வைத்து அவரே கலந்து கொடுத்தார். அன்று பேக்கரிக்குப் போன் செய்து, அடுப்புக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மனிதர் தன் மணத்தில் தானே மயங்கிக் கிடக்கிறார் என்பதுதான்.

அதே வாரம் அவர் இடது கன்னத்தில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிவதைப் பார்த்தேன். ஸ்பிரிட் தோலை வறட்டுகிறது என்று புரிந்தது. இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தங்கும் விடுதியில் ஸ்டோர் ரூம் பார்க்கிறேன். தரை துடைக்கிற திரவம், கண்ணாடி துடைக்கிற திரவம் எல்லாம் கெட்டியாகப் பெரிய கேன்களில் வரும். ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு இருபது என்று தண்ணீர் கலந்து ஊற்றிக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடம் அதையே செய்த கைக்கு வீட்டில் சும்மா இருக்க வருமா? ஷாம்பு, பாத்திரம் கழுவுகிற சோப்பு, கை கழுவுகிற சோப்பு, எங்கள் வீட்டில் எதுவும் கடையில் வாங்கிய கெட்டியில் இருக்காது. நல்லவேளை பாலைப் பால்காரனே கலந்துவிடுகிறான், உனக்கு வேலை மிச்சம் என்பார் இவர்.

அந்தக் கையோடு நீல பாட்டிலிலும் கால் பங்கு தண்ணீர் ஊற்றினேன். தோல் உரிவது நிற்கட்டும் என்பதுதான் முதல் எண்ணம். பாட்டில் கொஞ்ச நாள் கூட வரும் என்பது இரண்டாவது எண்ணம், அதை நான் மறைக்கவில்லை. தண்ணீர் பட்டதும் திரவம் பால் மாதிரி கலங்கியது. கண்ணாடி அடர் நீலம் என்பதால் வெளியே தெரியவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி ஊற்றினேன். அவர் ஒன்றும் சொல்லாததால் பாட்டில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு மனிதர் வாடத் தொடங்கினார். குளியலறையில் அரை மணி நேரம் நிற்பார். வெளியே வந்தால் பேச்சு இருக்காது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். மாதக் கடைசி நெருங்குகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் உடைந்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை.

கடைசி நாள் வந்தது. சவரம் முடித்து, துண்டைத் தோளில் போட்டபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பத்து மணிக்கு முதலாளிக்குப் போன் பண்ணப் போறேன். பேக்கிங்குக்கே போயிடறேன்னு சொல்லிடறேன்" என்றார்.

டாக்டர் ஒரு வருடம்வரை சொல்லியிருக்கிறாரே, கேட்டுப் பார்த்தால் இன்னும் இரண்டு மாதம் கொடுக்க மாட்டாரா என்றேன். அப்போதுதான் சொன்னார். அந்த பாட்டிலை மணத்துக்காக வாங்கவில்லையாம். சலூனில் என் தம்பி யாருக்கோ போட்டுவிட, அந்த ஆள் துள்ளியதைப் பார்த்திருக்கிறார். மரத்த கன்னத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இதுவே வழி என்று தோன்றியிருக்கிறது. தினமும் காலையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, எரிகிறதா எரிகிறதா என்று காத்திருந்திருக்கிறார்.

"ரெண்டாவது வாரம் தாடை ஓரத்துல எரிஞ்சுதும்மா. ஒரு விரல் அகலத்துக்கு. நிஜமா எரிஞ்சுது. உங்கிட்ட சொல்லல. முழுசா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நாளுக்கு நாள் குறைஞ்சு, இப்ப சுத்தமா இல்ல. வந்த நரம்பும் செத்துப் போச்சு."

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன். வலது கன்னத்திலும் எரிந்திருக்காதே, அதைப் பார்க்கவில்லையா என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, வலது பக்கம் போட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருக்கற கன்னத்துக்கு எதுக்கு? வீண்தானே. உன்கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன் நான்."

அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கெட்ட யோசனையும் வந்தது. கடைக்கு ஓடி, அதே மாதிரி புது பாட்டில் வாங்கி, பழையதை எடுத்துவிட்டு வைத்துவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் இருபது நாளாக இந்த மனிதர் கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்று தன் கன்னத்துக்காகத் துக்கம் அனுசரித்திருக்கிறார். அதற்குக் காரணம் நான். அதை மறைத்துவிட்டு அவர் பக்கத்தில் எப்படிப் படுப்பேன்?

"அதுல முக்கால்வாசி தண்ணிங்க. நான்தான் ஊத்தினேன்" என்றேன். தோல் உரிந்ததைப் பார்த்து ஊற்றியதாகச் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"ஒண்ணுக்கு மூணு இருக்கும்."

உள்ளே போய் பாட்டிலைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் கவிழ்த்து வலது கன்னத்தில், நல்ல கன்னத்தில், அப்பினார். இருவரும் காத்திருந்தோம். குழாய்த் தண்ணீரை அப்பிக்கொண்டவர் மாதிரி நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் எரியலடி" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த 'டி' அது.

நான் அதற்குள் வாசலில் இருந்தேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அவர் செருப்பு என்று கடைக்காரர் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போகும்போது ஒரே நினைப்பு. புது பாட்டிலும் எரியாவிட்டால்? ஒன்றும் இல்லாத இடத்தில் ஆசையைக் கிளப்பிவிட்டு வந்திருக்கிறேனோ? வேண்டாத தெய்வமில்லை.

திரும்பி வந்தபோது அவர் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டிலை அவரே வாங்கி மூடியைத் திறந்தார். முதலில் வலது கன்னம். ஸ்ஸ் என்று மூச்சை இழுத்தார். பிறகு இடது. கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் கை வைத்து இல்லை என்று தலையசைத்தார். காது மடலுக்கும் இல்லை என்றார். கை கீழே இறங்கியது. தாடை ஓரத்தில் வந்ததும் ஒரு கண் மட்டும் சுருங்கியது.

"எரியுது" என்றார். விரலை வைத்து அளந்து பார்த்தார். "முன்னாடி ஒரு விரல்தான். இப்ப ரெண்டு விரல்."

செத்துப் போய்விட்டது என்று அவர் நினைத்த நரம்பு, நான் ஊற்றிய தண்ணீருக்குக் கீழே சத்தமில்லாமல் ஒரு விரல் முன்னேறியிருக்கிறது. நான் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதேன். என் தம்பி சொன்னது பொய்யில்லை, தோலுக்கு அது தேவையே இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது.

பத்து மணிக்கு முதலாளியைக் கூப்பிட்டார். பொய் சொல்லவில்லை. இரண்டு விரல் அகலம்தான் வந்திருக்கிறது, அடுப்புக்கு அது போதாது, இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்றார். அந்தப் பக்கம் சம்மதித்திருக்க வேண்டும், இவர் இரண்டு முறை சரிங்க என்றார், போனை வைத்தார், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

எந்த இடம் என்று எனக்கும் காட்டுங்கள் என்றேன். இந்த நான்கு மாதத்தில் அந்தக் கன்னத்தை நான் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன். அவர் பத்திரிகை படிக்கும்போது, ஒருக்களித்துத் தூங்கும்போது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அது அவருக்கே தெரியாது என்பதால் நானும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பக்கென்று இருக்கும்.

கண்ணை மூடச் சொன்னேன். காதுக்குக் கீழே ஒரு விரலை வைத்து, இங்கேயா என்றேன். இல்லை என்றார். கன்னத்தில் வைத்தேன். இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே. இல்லை. தாடை ஓரத்துக்கு வந்தேன். பதிலே இல்லை. அவர் மூச்சு மட்டும் ஒரு கணம் நின்று போனது.

"உன் கை ஏன் இவ்வளவு சொரசொரப்பா இருக்கு?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

பதினெட்டு வருடமாகக் கேன் திரவத்தில் ஊறுகிற கை வேறு எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். கேட்டேனே தவிர, விரலை அங்கிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.