சனிக்கிழமைப் பேச்சு

நாற்பது வருஷம் உரமூட்டை அடுக்கியிருந்த யூதர் ஜெபக்கூடத்துக்கு வெள்ளையடித்து, இந்த நவம்பரில் எங்கள் ஊராட்சி திறப்பு விழா வைத்தது. ஊராட்சித் தலைவன் என் அண்ணன் மகன் ஆல்பின். விழாவுக்கு முந்தின நாள் தன் பேச்சை எனக்கு வாசித்துக் காட்டினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் யூதர்களைத் தாக்கிய கும்பல் சுற்றுப்பட்டு ஜெபக்கூடங்களையெல்லாம் எரித்தபோது எங்கள் ஊர் மட்டும் இதைக் காப்பாற்றியதாம்.

"நம்ம வைக்கோல் களஞ்சியம் கூடத்துச் சுவரை ஒட்டி இருந்துச்சுடா. உங்க தாத்தா அந்தக் கும்பல்கிட்ட போய்க் கெஞ்சினார். கோடரியால என்ன வேணா உடைச்சுக்குங்க, தீ மட்டும் வேண்டாம்னு."

"அதுவும் காப்பாத்தினதுதானே அத்தை" என்றான். பேச்சில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. தலைவனாவதற்கென்றே பிறந்தவன்.

விழாவுக்கு ஹைஃபாவிலிருந்து நோகா வந்திருந்தாள். மாட்டு வியாபாரி மோரிட்ஸ் ஓடன்ஹைமரின் பேத்தி. முப்பத்தைந்தாம் வருஷம் இங்கிருந்து கப்பலேறிய அவள் அப்பா, எங்கள் ஊர்ப் பேச்சை அப்படியே அவள் வாயில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆல்பினின் பிள்ளைகளுக்குத் தெரியாத வசவெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. அவளிடம் பேச ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துப்போனார்கள். ஓடன்ஹைமருக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எழுபத்துநாலு வயசு, இன்னும் சாகவில்லை. வேறு தகுதி என்ன வேண்டும்?

பன்னிரண்டு வயசிலிருந்து அந்தக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் அடுப்பு மூட்டியவள் நான். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள், அன்றைக்கு அவர்கள் நெருப்பைத் தொடக்கூடாது. மூட்டச் சொல்லி வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. அதனால் ஜாடைதான். "விரலெல்லாம் மரத்துப்போச்சு சென்ஸி" என்றால் அடுப்பை மூட்ட வேண்டும். "அந்த விளக்கு பாவம், இன்னும் எரியுது" என்றால் அணைக்க வேண்டும். கூலி, வெள்ளிக்கிழமை சுட்ட கசகசா ரொட்டி ஒன்று. எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் இப்போதும் அதை வெள்ளிக்கிழமைதான் சுடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், வழக்கம் என்பார்கள்.

ஓடன்ஹைமர்தான் கூடத்துக்குப் பெரியவர். மற்ற ஆறு நாளும் அவர் குரல் சந்தை வரைக்கும் கேட்கும். "சென்ஸி, கதவைத் திற. சென்ஸி, இந்தக் கிடாரியைப் பிடி." கேட்பது என்ன, அதட்டல்தான். சனிக்கிழமை மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி முனகுவார். எனக்குச் சிரிப்பு வரும். முனகி முடிப்பதற்குள் நான் எழுந்து போயிருப்பேன்.

நோகா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கூடத்தைத் தாக்கின அன்னைக்கு எங்க தாத்தா யார்கிட்டயாவது உதவி கேட்டாராம்மா?"

"கேக்கல" என்றேன்.

ஆல்பின் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். சுவரில் மாட்டும் பலகைக்குப் பொருத்தமான வரி. பொய்யும் இல்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் இப்படிச் சொல்லித்தான் ஐம்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

நோகா தலையாட்டினாள். கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உள்ள ரொம்பக் குளிருதுல்ல" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, விறகுக் கூடைக்காகக் கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். அங்கே கூடை இல்லை. 'தொடாதீர்கள்' என்ற அட்டைதான் இருந்தது.

"அத்தை, அது காட்சிக்கு வெச்சது" என்றான் ஆல்பின்.

அங்கேயே உட்கார்ந்தேன்.

"கூடத்தை உடைச்ச அன்னைக்கு மத்தியானம் அவர் எங்க தொழுவத்துக்கு வந்தார்" என்றேன். "யூத ஆம்பளைங்களைப் பிடிக்க லாரி வந்துக்கிட்டிருந்துச்சு."

"கேக்கலைன்னீங்களே?"

"கேக்கல. 'வெளியே குளிர் தாங்கல சென்ஸி, உங்க மாட்டுக்கெல்லாம் கதகதப்பா இருக்கு'ன்னார்."

"நீங்க?"

"'ஆமா, குளிர்தான்'னேன். கதவைச் சாத்திட்டேன்."

அந்த லாரியில் அவரும் போனார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் முகாமிலிருந்து கடிதம் வந்தது, இதயம் நின்றுவிட்டது என்று. அன்றிலிருந்து எனக்கு வெட்கம். இத்தனை வருஷத்தில் அது கொஞ்சமும் குறையவில்லை.

நோகா என் பக்கம் குனிந்தாள்.

"அன்னைக்குச் சனிக்கிழமையா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "வியாழக்கிழமை. ஆனா அவர் பேசினது சனிக்கிழமைப் பேச்சு."

ஆல்பின் நோட்டை மூடினான்.