விரிப்பின் மறுமுனை

விடிவதற்கு முன்பே உருளைகள் சூடேறிவிடும். சலவைக்கூடத்தின் கதவைத் திறந்ததும் ஈரத்துணியின் வாடையும் வெந்த சோப்பின் நெடியும் முகத்தில் வந்து அப்பும். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள், விடுதிகள் அத்தனையின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வெளுத்து, காய்ந்து, மடிந்து போயின. யார் யாரோ படுத்துத் தூங்குவதற்காக அந்தப் பெண்கள் நாளெல்லாம் நின்றார்கள்.

துணியைத் தேய்த்துக் காயவைக்கும் அந்த உருளைக்குள் நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, விறைப்பாக இழுத்து, சுருக்கமில்லாமல் அதன் வாயில் கொடுக்க வேண்டும். பெரியவளும் அவள் தங்கை சின்னவளும் ஒரே உருளையில் நின்றார்கள். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஒரே உருளைக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று பக்கத்து உருளைக்காரி கேலி செய்வாள். அவளுடைய உயரத்துக்காக அவளை எல்லாரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள்.

கூடத்தில் உட்கார இடம் கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது முதலாளியின் கட்சி.

நிற்பதைச் சும்மா இருப்பது என்று நினைப்பவர்கள் நின்று பார்த்ததில்லை. உடம்பு முன்னால் சாயச் சாய, கெண்டைக்கால் சதைதான் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மதியத்துக்குமேல் அந்தச் சதை கல்லாகும். பிறகு கல்லும் இளகி நடுங்கத் தொடங்கும். தரை எங்கே இருக்கிறதென்பதே பாதத்துக்கு மறந்துபோகும். அந்த நேரத்தில் கண்தான் துணை. எதிரே ஒரு தூணையோ சன்னலையோ பார்வையால் பற்றிக்கொண்டு நிற்பார்கள். நீராவி அடித்து இமை மூடினால் அந்தப் பிடியும் போகும். கூடமே கப்பல்போல ஆடும்.

அதற்கு அவர்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். பேர் கொக்கு. ஒரு காலைத் தூக்கி மற்றக் கணுக்காலில் சார்த்தி, தூக்கிய காலுக்கு நாலு மூச்சு ஓய்வு கொடுப்பது. ஓய்ந்துபோன ஒற்றைக்கால் தனியாக ஆளைத் தாங்காது. அதனால் தூக்குமுன் குரல் கொடுக்க வேண்டும். எதிரே நிற்பவள் விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்தத் துணிதான் கைப்பிடி.

"கொக்கு" என்பாள் சின்னவள்.

"மீனு கெடச்சுதாடி?" என்பாள் பெரியவள், தன் மூலையை இறுக்கிக்கொண்டே.

"பெரிய மீனா வருதுக்கா. சூப்பர்வைசர்." சொல்லிவிட்டுக் காலைக் கீழே வைப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது புதிய உருளைகள் வந்தன. புதிய ஆட்கள் வரவில்லை. ஒவ்வொரு உருளையின் ஒரு பக்கத்திலும் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, அதில் கிளிப் பொருத்தினார்கள். ஒரு மூலையைக் கிளிப் பிடிக்கும், இன்னொரு மூலைக்கு ஓர் ஆள் போதும் என்றார் முதலாளி.

"எங்க வீட்டுக்காரரவிட இது தேவல. வெச்ச எடத்துல நிக்குது" என்றாள் நெட்டை. எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் சிரிக்க நேரம் கிடைக்கவில்லை.

அது விடுதிகள் நிரம்பி வழிந்த காலம். வண்டி வண்டியாக விரிப்பு வந்து குவிந்த ஒரு பிற்பகல். பெரியவள் தன் புது உருளையில் தங்கைக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். நீராவிக்கு நடுவே பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"கொக்கு."

பெரியவளின் கைகள் தாமாகவே இறுகின. தன் கையிலிருந்த விரிப்பை அவள் முழுப்பலத்தோடு பிடித்தாள். பிடித்த பிறகுதான் நெஞ்சு திடுக்கிட்டது. அது தங்கையின் விரிப்பு அல்ல. தங்கையின் மறுமுனையில் கிளிப் இருந்தது. கிளிப் துணியைத் தாங்கும். ஆளைத் தாங்காது.

திரும்பிப் பார்த்தபோது சின்னவள் துணிவண்டியின் இரும்பு விளிம்பருகே மல்லாந்து கிடந்தாள். பின்னந்தலை நனைந்திருந்தது. விரிப்பின் மூலை இன்னும் அவள் முஷ்டிக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே அவளைக் கிடத்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் அவர்கள் கூடத்துச் சலவைக்குறி இருந்தது. ஒரு மூலை சுருங்கிக் கிடந்தது. பெரியவள் அதை இழுத்து நேராக்கினாள். கைப்பழக்கம். அதன் பிறகுதான் அலறினாள்.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், முதலாளி கூடத்துக்கே வந்தார். மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை.

"இன்னிக்கு விசாரணைக்கு லேபர் ஆபீசர் வர்றார். உன்னத்தான் முதல்ல கேப்பார். தங்கச்சிக்குச் சின்ன வயசுலேருந்தே மயக்கம் வரும்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

"அவளுக்கு மயக்கமே வராது சார்."

"அன்னிக்கு வந்துதே."

"கால் ஓஞ்சுபோச்சு சார். புடிக்க ஆள் இல்ல."

"நிக்க ஒரு ஆளு, அந்த ஆளப் புடிக்க இன்னொரு ஆளா? நல்ல கதையா இருக்கே. நானுந்தான் நாள்பூரா நிக்கிறேன்."

"நீங்க நடக்கறீங்க சார்" என்றாள் நெட்டை, தன் உருளையிலிருந்தபடி. "நெனச்சா உக்காரவும் செய்றீங்க."

"உன்னக் கேட்டேனா?"

"கேக்கமாட்டீங்கன்னுதான் சொல்றேன்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "போனவ திரும்பி வரப்போறதில்ல. நீ இருக்கே. இனிமே மடிப்பு வேலை உனக்கு. இந்த நாற்காலி உனக்கே. யோசிச்சுப் பாரு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். கெண்டைக்கால் இரண்டும் அதற்காகக் கெஞ்சின. தூங்காத கண்களில் கூடம் லேசாக ஆடியது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் சாகும்வரை உட்கார்ந்தே பிழைக்கலாம்.

ஆனால் சின்னவள் காலைத் தூக்குமுன் சொல்லிவிட்டுத்தான் தூக்கினாள். பிடித்துக்கொள் என்று கேட்டாள். மயக்கம் என்று இவள் வாயால் சொன்னால், அவள் கேட்கவே இல்லை என்றாகிவிடும்.

"அவ கொக்குன்னு சொன்னா சார். என் காதால கேட்டேன்."

"கொக்கா? என்ன கொக்கு?"

அத்தனை வருஷமாகத் தன் கூடத்தில் தினமும் ஒலித்த சொல் அவருக்குத் தெரியவில்லை.

பெரியவள் தங்கையின் உருளைக்கு நடந்தாள். கம்பத்திலிருந்த கிளிப்பைத் திருகிக் கழற்றினாள். கொண்டுவந்து முதலாளிக்கு முன்னால் மேசையில் வைத்தாள். பிறகு போய் ஓர் ஈர விரிப்பை எடுத்து அதன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு மூலை தரையில் கிடந்தது.

நெட்டை தன் உருளையை அப்படியே விட்டுவிட்டு வந்து, குனிந்து அதை எடுத்தாள்.

அதற்குப் பின்னால் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தி தன் இடத்தை விட்டு அடுத்தவளிடம் போனாள். இன்னொருத்தி போனாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து விழுந்தன. பாதி உருளைகள் துணியில்லாமல் வெறுமனே சுற்றின.

"மெஷின் சும்மா ஓடுது. கண்ணு தெரியலையா?" என்றார் முதலாளி.

"தெரியுது சார்" என்றாள் பெரியவள். "இனிமே ரெண்டு ரெண்டு பேராத்தான் நிப்போம். நடுநடுவுல உக்கார ஸ்டூல் வேணும். ஆபீசர்கிட்ட நான் மட்டும் பேசப்போறதில்ல, எல்லாருமா சேந்து சொல்றோம்."

"மொத்தப் பேரையும் வெளிய அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

மூலையில் மடித்துக்கொண்டிருந்த, வாயே திறக்காத ஒருத்தி நிமிர்ந்தாள். "அனுப்புங்க சார். வாசல்ல கொஞ்சம் உக்காந்துக்கறோம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியவளுக்குக்கூட உதடு கோணியது. முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போலீஸை அழைக்கிறாரா, புது ஆட்களையா, யாருக்கும் தெரியாது. ஆபீசர் இவர்கள் பேச்சைக் கேட்பாரா என்பதும் தெரியாது. ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை.

உருளை நீராவியைக் கக்கியது. பெரியவளின் கண்கள் மூடிக்கொண்டன. கால்கள் நடுங்கின. அப்போது விரிப்பின் மறுமுனையிலிருந்து ஓர் இழுப்பு வந்தது. சின்னவளின் இழுப்பு எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சாயும். இது நேராக, பலமாக இருந்தது.

கண்ணைத் திறந்தால் எதிரே வேறு முகம் இருக்கும். அது தெரிந்ததால் அவள் சற்று நேரம் மூடியே வைத்திருந்தாள். கண்ணீர் நீராவியோடு கலந்து வழிந்தது. கை மூலையை விடவில்லை.

விழவில்லை.