பலாமரத்தடிப் பறவையின் பெயர்

சிவனாண்டிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சுதான் வரவில்லை. மற்றவர்கள் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். தான் சொல்ல நினைக்கும் சொல் மட்டும் வாய்க்கு வராது, வந்தாலும் வேறொன்றாக வரும். தண்ணீர் வேண்டும்போது "சாவி" என்பார். தப்பென்று அவருக்கே உடனே தெரிந்துவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வரும் ராஜலக்ஷ்மிதான் வழி சொன்னாள். "அவருக்கு எது புடிக்குமோ அதுலேர்ந்து ஆரம்பிங்க ஆன்ட்டி. தினம் காலைல பாக்கறதுக்கெல்லாம் பேர் சொல்லச் சொல்லுங்க. நீங்க முந்திண்டு சொல்லிடாதீங்க. காத்திருங்க."

அவருக்குப் பிடித்தது பறவைகள். மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மனைவி கனகவள்ளிக்கு அதில் ஒரு நாளும் அக்கறை இருந்ததில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். காக்கை, புறா, கிளி தாண்டினால் எல்லாமே அவளுக்குக் குருவிதான். இப்போது செம்பூர் வீட்டின் பின்பக்கம், பலாமரத்துக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு, புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கணவரின் வாயைப் பார்த்திருந்தாள்.

காத்திருப்பது ராஜலக்ஷ்மி சொன்னதுபோல் சுலபமாக இல்லை. காக்கை முதல் நாளே வந்துவிட்டது. புறா "பூட்டு" ஆனது. மைனாவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அடுப்பில் பால் மூன்று முறை பொங்கி வழிந்தது.

ஜூன் முதல் வாரத்தில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஒரு நாள் காலை அவர் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"ஆறு," என்றார். "ஆறு மணி."

"இப்ப ஏழே கால் ஆகுது."

அவர் தலையசைத்து மறுத்தார். இடது கையின் ஐந்து விரலையும் விரித்து, மூடி, ஒரு விரலைக் காட்டினார். பிறகு மரத்தடியைக் காட்டினார். அங்கே சருகைத் தவிர அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

"மாத்திரையா? அது எட்டு மணிக்குல்லா. சாயா வேணுமா?"

"ஆறு மணி."

நான்கு நாள் இதே பாடு. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினாள். அதைத் தள்ளிவிட்டார். ஆறு மணி ஷிஃப்ட் ஞாபகமோ என்று கேட்டாள். முறைத்தார். நான்காம் நாள் அலாரம் வைத்து எழுப்பி, ஆறு மணிக்கே அவரைப் பின்பக்கம் கூட்டிவந்து உட்கார வைத்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து ஏதோ விசில் சத்தம் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"ஆறு மணி," என்றார்.

"ஆமா, ஆறு மணிதான். அதுக்கென்ன இப்போ?"

அவர் நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார்.

ஐந்தாம் நாள், பின்பக்கக் குழாயைச் சரிசெய்ய பிளம்பர் சைஃப் வந்திருந்தான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தியிருந்தான். சருகுக்குள் மைனாவைவிடச் சிறிய ஒன்று தத்திக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், குட்டை வாலுக்கு அடியில் சிவப்பு.

"ஆன்ட்டி, யே தோ நவ்ரங் ஹை," என்று அதன் இந்திப் பெயரைச் சொன்னான். போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினான்.

கனகவள்ளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெட்டில் தேடினாள், அதே பறவை, அதே பெயர். ராஜலக்ஷ்மி சொன்னதை மறந்து கணவர் முன்னால் போய் நின்றாள்.

"நவ்ரங். இதைத்தான காட்டுனீங்க. சொல்லுங்க, நவ்ரங்."

அவர் இல்லையென்று தலையாட்டினார். "ஆறு."

"போட்டோல இருக்கு. நெட்ல இருக்கு. நீங்க மட்டும் இல்லங்கீங்க. நவ்ரங்."

"ஆறு. ஆறு மணி."

மடியிலிருந்த புடவையை உதறி எறிந்தாள். "என்னால ஆகல. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஆறு, ஆறு, ஆறு. நானும் மனுஷிதான?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சைஃப் சத்தமில்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

உள்ளே போய், ஊரிலிருக்கும் அவருடைய அக்கா மீனாட்சியம்மாளுக்கு வாய்ஸ் மெசேஜில் எல்லாவற்றையும் கொட்டினாள். தன் பக்கத்து நியாயத்துக்குச் சாட்சியாக அந்தப் படத்தையும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏட்டி கனகு, அவன் சரியாத்தான சொல்லுதான். அது ஆறுமணிக்குருவில்லா. காலைல ஆறு மணிக்கும் பொழுதடையவும் கத்தும். பனிக்காலத்துல இங்க தோட்டத்துலதான் கெடக்கும்."

"அப்படி ஒரு பேரா மதினி?"

"பின்ன? சின்னப்புள்ளைலேர்ந்து அவன் அப்படித்தான சொல்லுவான்."

போனை வைத்துவிட்டு அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவர் கஷ்டமான ஒரு பெயரை ஏறக்குறைய முழுதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு தடவை அல்ல, ஐந்து நாளாக. அவள் அவருக்கு மணி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பின்பக்கம் போனாள். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுமணிக்குருவி," என்றாள். "எனக்குத் தெரியாமப் போச்சுங்க."

அவர் திரும்பினார். "குருவி," என்றார். மறுபடியும், "குருவி." கண்ணீர் வழிந்ததை இடது கையால் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. அவள் முந்தானையால் துடைத்தாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பறவை அதற்குப் பிறகு வரவில்லை. மழை விட்ட ஒரு காலையில் மதிலின் மேல், நீளவாலும் கறுப்பு உடலுமாக வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"சீப்பு," என்றார் சிவனாண்டி.

கனகவள்ளி இந்த முறை அவசரப்படவில்லை. "சீப்புன்னா? தலைல கொண்டை இருக்குன்னு சொல்லுதீங்களா?"

இல்லை. வால் சீப்பு மாதிரி இருக்கிறதா? இல்லை. ஊரில் அதற்கு அப்படிப் பெயரா? அதுவும் இல்லை. அது வெறும் தவறான சொல்தான், இருவருக்கும் தெரிந்துவிட்டது. குக்கர் நான்காவது விசில் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். பறவை பறந்துபோனது.

"சனியன்," என்றார் அவர், அட்சரசுத்தமாக.

"அது மட்டும் நல்லா வருது," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை அணைக்கப் போனாள்.