முள் எங்கே நிற்கிறது

அந்த மீட்டரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரமாக என் பழைய பிக்கப்பின் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் என்னை ஆட்டிப் படைத்துவிட்டது. சென்சாரை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் புதுக் கூலண்ட் ஊற்றினேன். இருபத்தாறு வருடமாக எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறவன் நான். போயும் போயும் ஒரு முள்ளிடமா தோற்பேன்?

தோற்றுத்தான் போனேன். அதுவும் குமுதாவின் கண் விஷயத்தில்.

குமுதா என் மனைவி. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதையே விட்டுவிட்டாள். ஆறு மாதம் காத்திருந்த பிறகுதான் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அன்று விடியற்காலையில் கம்போங் ராஜாவைத் தாண்டி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கண்மண் தெரியாத பனி. முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறியது. ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஆவி ஒண்ணும் வரலயே. கருகுற வாடையும் இல்ல. மெதுவா போங்க லா," என்றாள் குமுதா.

"கண்ணு தெரியாதவ நீ. வாய மூடிக்கிட்டு உக்காரு!" என்று கத்தினேன்.

வண்டியைத் திருப்பினேன். தேதி போயிற்று. கெஞ்சிக் கூத்தாடியதில் யாரோ வராமல் போன இடத்தில் இன்னொரு தேதி கிடைத்தது. நாளை காலை எட்டு மணி. இதையும் விட்டால் அடுத்த வருடம்தான். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கார் வைத்திருக்கிற குணாளனோ மச்சினன் கல்யாணத்துக்குப் பினாங்கு போய்விட்டான்.

அதனால் இன்று லீவு போட்டுவிட்டு, தானா ராத்தாவில் இருக்கும் டொனால்டின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டும் என்று குமுதாவும் வந்தாள். நல்ல வெயில். வழி நெடுக முள் சாதுவாக நடுவில் நின்றது. டொனால்ட் அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு, சூடு பார்க்கும் கருவியை மூலைக்கு மூலை காட்டினான்.

"எம்பத்தெட்டு டிகிரிதான், தங்கராஜு அண்ணே. மீட்டரும் சரியா காட்டுது. வண்டிக்கு ஒண்ணும் இல்ல லா."

"அப்ப எனக்குத்தான் பைத்தியமா?"

அவன் சிரித்தான். மூன்றாவது தடவையாக இதே பதில், இதே சிரிப்பு. அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கியா பார்ம் ஊர்ப் பக்கம் வந்ததும் பனி இறங்கியது. சொல்லிவைத்தாற்போல் முள் ஏறியது. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திவிட்டு, ஒரு ஸ்ட்ராபெர்ரிக் கடை முன்னால் நிறுத்தி பானட்டைத் திறந்தேன். ஓடி வந்த இஞ்சின் எப்படியும் தொட முடியாத சூட்டில்தான் இருக்கும். இது நல்ல சூடா, கெட்ட சூடா என்று கையை வைத்தா கண்டுபிடிக்க முடியும்? அழுகை வராத குறை.

குமுதா கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள்.

"டொனால்ட்கிட்ட போனா ஏற மாட்டேங்குது, இங்க வந்தா ஏறுது. அங்க வெயிலு, இங்க பனி. பனி வந்தா நீங்க என்னா செய்வீங்க?"

"என்னாத்தச் செய்வேன், லைட்டப் போடுவேன்..."

ஓடிப்போய் விளக்கை அணைத்தேன். முள் நடுவுக்கு வந்தது. போட்டேன். ஏறியது. மறுபடி அணைத்தேன். இறங்கியது.

விளக்கைப் போட்டால் மீட்டர் கெடுகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான எர்த் வயர்தான் சரியாகப் பிடிக்கவில்லை. பானட்டுக்குள் குனிந்தேன். எர்த் வயர்களை எல்லாம் சேர்த்து முடுக்கிய போல்ட் மஞ்சள் நிறத்தில் மின்னியது.

போன மாதம் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. வருடா வருடம் அம்மனுக்குத் தேராகப் போவது இந்த பிக்கப்தான். வண்ண விளக்கு வயரைச் சேர்க்க அந்த போல்ட்டைக் கழற்றியவன் நான். அங்கே துரு. அம்மன் ஏறுகிற வண்டியில் துரு இருக்கலாமா என்று தேருக்கு அடித்த மஞ்சள் பெயிண்டை அங்கேயும் தடவினேன். காய்வதற்குள் வயரை வைத்து போல்ட்டை முடுக்கினேன். அழகுக்கு அதன் மேலும் ஒரு பூச்சு. பெயிண்டுக்கு மேல் வயரை வைத்தால் எர்த் எங்கே பிடிக்கும்?

போல்ட்டைக் கழற்றி, கடைக்காரரிடம் கத்தி வாங்கி, வெறும் இரும்பு தெரிகிறவரை சுரண்டினேன். வயரை வைத்து முடுக்கிவிட்டு விளக்கைப் போட்டேன். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. சந்தோஷம் வரவில்லை. என்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அன்னிக்கு வண்டி சூடாகவே இல்ல, குமுதா. நான் அடிச்ச பெயிண்டாலதான் முள்ளு ஏறிச்சு. நீ சொன்னதுதான் சரி. நான் பேசினதுதான் தப்பு."

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை. அதே இறக்கம், அதே பனி. அன்று நிறுத்திய வளைவு வந்தது.

"முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"நடுவுல."

மீட்டர் பக்கம் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல. நீங்க சொன்னா நம்புறேன்," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று அவள் சொன்ன மாதிரியே, அந்த வளைவில் நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிப் போனேன்.