கம்பியில் இருந்த கறுப்பு

மருத்துவப் பஞ்சை வெளுக்கும் பெரிய எவர்சில்வர் கொப்பரை அது. அதன் குழாய் மூட்டில் சிவரஞ்சனி போட்ட ஆர்கான் வெல்டிங் இரண்டாவது தடவையும் பொரிந்தது. ஆறிய பிறகு பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல் துளைகள்.

அவளும் கணவன் முத்துவீரனும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருந்தார்கள். ராஜபாளையத்து ஆலையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டதால் மொபெட்டில் வந்திருந்தார்கள். பற்றவைப்பது அவள், உருக்கிச் சேர்க்கும் கம்பியைத் துடைத்துக் கொடுப்பது அவன்.

மேலாளர் விக்னேஸ்வரன், பக்கத்தில் நின்ற ஆலை ஃபிட்டர் சோலைராஜ் பக்கம் திரும்பினார். போன வருஷம் அதே மூட்டைப் பற்றவைத்தவர் அவர்.

“எல்லாம் உங்க பழைய வேலையோட லட்சணம். நாளைலருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

“பழசு பூராத்தையும் கிரைண்டர்ல எடுத்தாச்சே சார்,” என்றார் சோலைராஜ்.

அவரை நீக்குவதைச் சொல்ல, மேலாளர் முதலாளிக்குப் போன் போட்டார்.

முத்துவீரன் அடுத்த கம்பியை நீட்டினான். சிவரஞ்சனி அதை வாங்கி, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள். துணியில் கறுப்புக் கோடு விழுந்தது. அவள் அவனுடைய கையுறையைப் பார்த்தாள். வரும் வழியில் கழன்ற மொபெட் செயினை மாட்டிய அதே கையுறை. விரல் நுனியெல்லாம் கிரீஸ். அவனும் அப்போதுதான் அதைக் கவனித்தான். சொல்ல வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

போனில் மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

“சார், போனச் செத்த நேரம் வைங்க,” என்றாள் சிவரஞ்சனி. “அவிய மேல தப்பில்ல. எங்க கம்பில கிரீஸு.”

முத்துவீரன் முகம் கன்றிப்போயிற்று. மேலாளர் போனை இறக்கினார். “இன்னும் ஒரே தடவ. அதுவும் சரியில்லேன்னா நீங்களும் கெளம்பிருங்க.”

மூட்டை மறுபடி கிரைண்டரால் தேய்த்துத் துடைத்தார்கள். முத்துவீரன் புதுக் கையுறை மாட்டி, ஒவ்வொரு கம்பியையும் தேய்த்து, துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தான். அவள் கருகியிருந்த கம்பி நுனியை நறுக்கினாள். பற்றவைக்கும்போது, சிவந்த நுனியில் காற்று படாதபடி அதை ஆர்கான் வாயுவுக்குள்ளேயே வைத்திருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது, கையை எடுக்கவில்லை.

சோலைராஜ்தான் மூட்டில் சிவப்புச் சாயம் தடவினார். ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தார். துளை இருந்தால் சிவப்பு மேலே கசியும். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“கொப்பரைல தண்ணி விடுங்க சோலைராஜ்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலாளர் போனார்.

வாசலில் முத்துவீரன் வண்டியைக் கிளப்பாமல் நின்றான்.

“எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம்ல, ஏட்டி.”

“அதுக்குள்ள அவிய வேல போயிருக்கும்.”

அவன் அவள் கையில் இருந்த கருவிப் பெட்டியை வாங்கி, வண்டியில் தன் காலடியில் வைத்துக்கொண்டான்.

“ஏறு,” என்றான்.