சூடு ஆறாத ரத்தம்

"உங்க செல்லெல்லாம் களைச்சுப் போச்சும்மா" என்றார் பெரிய டாக்டர், என் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு. களைத்துப்போவதற்கு அவை என்ன மூட்டை தூக்கினவா? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

போன வருடம்வரை இதே மனிதரின் ஆய்வுக்கூடத்தில் இதே வேலையைப் பார்த்தவள் நான். நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, அவற்றுக்குள் ஒரு நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று அளப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே ஆள் தேடுவதில்லை. எங்களில் யாராவது மேசையோரத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவோம். பெரும்பாலும் நான்தான். "அக்காவோடது குதிரை மாதிரி ஓடுது" என்பான், கூட வேலை பார்த்த நெட்டையன். அப்புறம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நான் மாடி வார்டுக்கு இடம் மாறினேன்.

அங்கே புதிய சிகிச்சை ஒன்று தொடங்கியிருந்தார்கள். நம் அணுக்களையே எடுத்து, வெளியில் வளர்த்து, திரும்ப உடம்புக்குள் விடுவது. எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். ஆனால் நொதியின் அளவு ஒரு கோட்டுக்குக் கீழே போனால், செல் களைத்துவிட்டது என்று சேர்க்க மாட்டார்கள். என்னுடையது கீழே. ஜன்னலோரக் கட்டில் அக்காவுடையதும் கீழே. முந்தின நாள்தான் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போகும்போது தேய்ந்த சோப்பை என்னிடம் கொடுத்து, "வீட்ல வேற இருக்கு, நீ வெச்சுக்க தங்கச்சி" என்று சிரித்தாள்.

அடுத்த நாள் காலை நர்ஸ் மற்றவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மேசைக்கு அடியில் தள்ளினாள். நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் வந்து போனார்கள், சாப்பாட்டு வண்டி வந்து போனது, பெட்டி அங்கேயே கிடந்தது. கீழே ஆய்வுக்கூடத்தில் இருந்தவரைக்கும் எனக்கு இது தெரியாது. பெட்டி வந்தால், இப்போதுதான் எடுத்தார்கள் என்று நம்பித் திறப்போம். எங்கள் ரத்தமோ நாற்காலியிலிருந்து நேரே சுழற்றும் இயந்திரத்துக்குப் போகும்; சூடுகூட ஆறியிருக்காது. அவ்வளவு நேரம் குளிரில் கிடந்தால் யாருடைய அணுதான் ஓடும்?

நெட்டையனுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை முணுமுணுத்துக்கொண்டே மாடிக்கு வந்து நர்ஸிடம் கையை நீட்டினான். அவன் ரத்தமும் பெட்டிக்குள் போனது. பெட்டி கீழே இறங்கியபோது, டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே நானும் போய் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பேஷன்ட் இங்க வரக்கூடாதுக்கா. சார் பார்த்தா என் தலை உருளும்."

"உருளட்டும், உன் உயரமாவது குறையும். எடுடா."

எடுத்தான். இரண்டையும் அளந்தான். என்னுடையது கோட்டுக்கு மேலே, அவனுடையது கீழே. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அப்ப எனக்கும் கேன்சரா?"

"உனக்கு ஒண்ணுமில்ல. உன் ரத்தம் ஐஸ் பெட்டில கிடந்தது, அவ்வளவுதான்."

பெரிய டாக்டர் உள்ளே வந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் இரண்டு அளவையும் காட்டினேன், எந்த ரத்தம் எங்கே இருந்தது என்பதை நெட்டையன் சொன்னான். அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். குரல் இறங்கியது.

"சரிம்மா. நீங்க நம்ம ஆளு. உங்களை நானே சேர்த்துவிடறேன். மத்தவங்க விஷயத்தை மெதுவாப் பார்த்துக்கலாம்."

சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. உயிர்மேல் எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் அந்தத் தேய்ந்த சோப்பு கண்முன் வந்து நின்றது.

"முடியாது சார். நீங்க திருப்பி அனுப்பின அத்தனை பேரும் இந்த நாற்காலியில உட்காரணும். இல்லேன்னா நானும் வரல."

"உங்க உயிர் விஷயம்மா இது. வீம்புக்குப் பேசாதீங்க."

"வீம்புன்னே வெச்சுக்கோங்க."

"அவங்களைக் கூப்பிட்டு என்னன்னு சொல்றது? நாங்க தப்பா அளந்துட்டோம்னா?"

"ஆமா. அப்படியேதான் சொல்லணும்."

நான் மேசைமேல் இருந்த போனை இழுத்து ஜன்னலோரத்து அக்காவைக் கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்தது.

"என்ன தங்கச்சி, அதுக்குள்ள சோப்பு தீர்ந்துடுச்சா?" குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் இருந்தது.

"அப்படியே இருக்கு. வந்து எடுத்துக்கோங்க. உங்க செல்லு களைக்கவே இல்லக்கா, அளந்த முறைதான் தப்பு. மறுபடி அளக்கணும்."

"யாரு சொன்னா?"

போனைப் பெரிய டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். இறக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார்.

"டாக்டர் பேசறேம்மா. தப்பு எங்களோடதுதான். நாளைக்கே வந்துடுங்க."

அவர் வைத்ததும் போனைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"டேய் நெட்டை, அடுத்த நம்பரைச் சொல்லு. சார் பேசுவாரு."